பின் சீட்டில் ஒரு ஓட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மந்தைவெளி ஃபிளாட் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டாம் மாடி செல்வராஜ் சாரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் ஏறினார்கள். பக்கத்திலேயே முதல் மாடி மணி அண்ணாச்சியின் கார், பளபளவென்று துடைத்து வைத்தபடி சும்மா நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டெல்லாவுக்கு அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் கீமோ நடக்கிறது. நான்கு மாதமாகச் செவ்வாய்தோறும் கூட்டிப்போய் வருவது அண்ணாச்சியின் கார்தான். தி.நகர் ஜவுளிக்கடையை அன்று தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அப்புறம் ஏன் ஆட்டோ?

ஒரு ஃபார்வேர்ட்!

தேர்தல் நேரமில்லையா... அண்ணாச்சி தன் கட்சியின் சாதனைப் பட்டியலை ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். செல்வராஜ் சார் எதிர்க்கட்சி. அதுகூடப் பரவாயில்லை — முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்தவர். பட்டியலைப் பிரிண்ட் எடுத்தார். சிவப்பு மையில் சுழித்தார். ஓரத்தில் ‘ஆதாரம் எங்கே?’ என்று எழுதினார். கீழே பத்துக்கு இரண்டு மார்க் போட்டு, கையெழுத்தும் போட்டு, போட்டோ எடுத்து அதே குரூப்பில் ஏற்றினார். பெற்றோர் கையொப்பம் மட்டும்தான் பாக்கி.

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? ‘கொத்தடிமை’ என்று ஒரே வார்த்தையில் பதில். சார் குரூப்பை விட்டு வெளியேறினார். காரை விட்டும்தான்.

அன்று திரும்பி வரும்போது ஆட்டோ குலுங்கிய குலுங்கலில் ஸ்டெல்லா இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். கேட்டதும் நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

“நானும் மனுசன்தான சார். எட்டாங்கிளாஸோட கடைக்கு வந்தவன். அத்தனை பேரு பார்க்க எனக்கு மார்க் போடுதாரு. தப்புன்னா கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதுதான?” அவர் கண் கலங்கியிருந்தது.

நியாயம். இரண்டாம் மாடிக்கு ஏறினேன்.

“பொய்யைப் பொய்னு சொன்னது தப்பா? என்னைப் போய் அடிமைங்கிறான். அவன் வண்டியில எப்படி உட்கார்றது?” என்றார் சார்.

அதுவும் நியாயம். இந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவில் ஒரு பெண்மணி பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாரே, அதற்கு எந்தக் கட்சியிடம் பதில் இருக்கிறது?

நாம் அரசியல் பேசுகிறோமா, இல்லை, பேப்பர் திருத்துகிறோமா? எதிரில் இருப்பவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒருத்தருக்கும் ஆசையில்லை. அவர் எப்போது மூச்சு விடுவார், எப்போது பாயலாம் என்றுதான் காத்திருக்கிறோம்.

ஒரு வாரம் படி ஏறி இறங்கியதில் என் முட்டி போனதுதான் மிச்சம். கடைசியில் இருவரையும் நிற்கவைத்துக் கத்திவிட்டேன். “உங்க மானம் மரியாதையெல்லாம் புதன்கிழமை பார்த்துக்கலாம்.”

இந்தச் செவ்வாய் கார் கிளம்பியது. காவலுக்கு நானும் முன் சீட்டில். சாரும் ஸ்டெல்லாவும் பின் சீட்டில்.

அடையாறு பாலத்தில் ஸ்டெல்லா பேசினார். “நாலு மாசமா இதே வண்டியில ரெண்டு பேரும் கத்திக்கிட்டேதான் வந்தீங்க. நான் யாருக்கு ஓட்டுப் போடுறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

“நம்ம கட்சிக்குத்தான்” என்றார் சார், யோசிக்காமல்.

“இல்லைங்க.”

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. “அப்போ எங்களுக்கா அக்கா?”

“உங்களுக்கும் இல்ல தம்பி.”

ஏன் என்றும் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரி வாசல் வரை. சாருக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டார். அண்ணாச்சி, “அந்த மருந்து விஷயம் மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க அக்கா” என்றார். யாரும் கட்சி மாறவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்கள் ஒரு மாற்றுக் கருத்தைக் கடைசி வரை கேட்டார்கள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. குறுக்கே பேசாமல் ஒருத்தர் சொல்வதைக் கேட்க, அவர் கீமோவுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டுமா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அதே சூட்டோடு, “சரி, நீ யாருக்கு ஓட்டுப் போடுறே?” என்றும் கேட்டுவைத்தேன். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“ஏங்க... எனக்கு ஏதாவது வியாதியா? டாக்டர் உங்ககிட்ட ஏதும் சொன்னாரா?”