இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் கற்றுக்கொடுப்பவரை நேரில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் 'பாத்து மாஸ்டர்' ஆகிவிடுவார். மாணவர் சாவியைத் திருகுவதற்குள் நான்கு தடவை 'பாத்து' சொல்லியிருப்பார். பின்னாடி பாத்து, சைக்கிள் பாத்து, அந்த அம்மா பாத்து, அந்த அம்மா கையிலிருக்கிற குடை பாத்து. ஒரு குடையால் என்ன கெடுதல் வரும் என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் பாடநேரம் முழுக்க அதற்கே போய்விடும்.

வண்டியில் மட்டும்தான் இப்படி என்றால் தொழில் பழக்கம் என்று விட்டுவிடலாம். மகள் பிறந்தபோது மருத்துவமனையில் அவர் கேட்ட முதல் கேள்வி, "குழந்தை ஏன் அழல?" குழந்தை வீறிட்டதும் அடுத்த கேள்வி, "ஏன் இப்படி அழுது?" அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து வெளியூரில் வேலை பார்க்கிறது. போன் செய்தால் முதலில், "அப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வரும்.

அவர் மனைவி நேர் எதிர். ஒரு நாற்றுப்பண்ணையில் பதினைந்து வருடமாக வேலை. அடுப்பில் வைக்கத்தான் லாயக்கு என்று நாமெல்லாம் நினைக்கிற குச்சியை எடுத்து, மண் நிரப்பிய பையில் செருகி, "தழைக்கும்" என்பாள். பாதி தழைக்கும். தழைக்காத பாதியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே பையில் இன்னொரு குச்சியைச் செருகி, மறுபடியும் "தழைக்கும்" என்பாள். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்காதவர் இல்லை. நன்றாகத்தான் தள்ளினார்கள். அதன் சூட்சுமம் மாஸ்டருக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

பண்ணையில் செடிகளை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சின்ன வேன் உண்டு. அதை ஓட்டியவர் வேலையை விட்டுப் போவதாகச் சொன்னார். முதலாளி அம்மா இவளைக் கூப்பிட்டு, எந்தச் செடி எந்த வீட்டில் பிழைக்கும் என்று உனக்குத்தான் தெரியும், மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் வேன் உனக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நாற்பத்தேழு வயதில் ஒரு ஆசை வந்தால் அது சின்னப் பெண்ணின் ஆசையைவிடப் பொல்லாதது. அன்று மாலை அவள் நடையே மாறிவிட்டது.

கல்யாணமான புதிதில் ஒருமுறை கார் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் விபத்துகளின் பட்டியலை ஆரம்பித்தார். பட்டியல் முடிவதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அத்தோடு விட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்காரிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் இந்தத் தடவை அவரிடம் கேட்கவே இல்லை. நேரே பள்ளி அலுவலகத்துக்குப் போய் எல்லோரையும் போல விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலை ஆறரை மணிப் பாடத்துக்கு யார் என்று பலகையைப் பார்த்த மாஸ்டருக்குத் தன் மனைவியின் பெயர் தெரிந்தது. வீட்டில் பல் தேய்க்கும்போதுகூட அவள் மூச்சு விடவில்லை.

பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அவர் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். ஆபத்துக்கு என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள்.

அவள் பத்தே நாளில் நன்றாக ஓட்டினாள். திருப்பினாள், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாள், வெள்ளைக் கோட்டில் நிறுத்தச் சொன்னால் நூல் பிடித்த மாதிரி நிறுத்தினாள். தேர்வுக்குப் போனாள். அங்கே மாஸ்டரின் இடத்தில், மடியில் ஃபைலோடு, அதிகாரி அம்மா உட்கார்ந்தாள். வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் போய்த்தான் நின்றது. தோல்வி. மறுவாரம் மறுபடியும் போனாள். இந்தத் தடவை இரண்டு முழம்.

மூன்றாவது தடவையும் தவறினால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் வழக்கம்போல, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அதற்கு வழக்கமாக வரவேண்டிய பதில், "அடுத்த தடவை பாருங்க" என்பது. அது வரவில்லை. கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு வராதோ என்னவோ" என்றாள்.

தான் சொன்னது பலித்துவிட்டதே என்று எப்போதும் வருகிற அற்ப திருப்தி அன்று மாஸ்டருக்கு வரவில்லை. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அவர் கேட்டதே இல்லை. இத்தனை வருடமாக இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே நம்பிக்கொண்டிருந்ததால்தான் தன்னால் நிம்மதியாகப் பயந்துகொண்டிருக்க முடிந்தது என்று அவருக்கு அந்த நிமிடம் புரிந்தது. அவளும் பயப்பட ஆரம்பித்துவிட்டால் அந்த வீட்டில் விடிந்தால் ஜன்னலைத் திறக்கக்கூட ஆள் இருக்காது.

மறுநாள் காலை காரைப் பட்டறையில் விட வேண்டியிருந்தது. மெக்கானிக் பெடல்களின் ரப்பர் உறைகளைக் கழற்றிப் புதிது மாட்டினான். பழையதைத் தூக்கிப் போடப் போனவன் நின்று, இரண்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து மாஸ்டர் முன்னால் பெஞ்சில் வைத்தான்.

"மாஸ்டர், இது ஓட்டுறவங்க பக்கத்து பிரேக். இது உங்க பக்கம். ரெண்டும் ஒரே நாள்ல நான்தான் போட்டேன்."

ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பரில் வரிகள் கடையிலிருந்து வந்த மாதிரி அப்படியே இருந்தன. மாஸ்டர் பக்கத்து ரப்பர் குளித்து முடித்த சோப்பு மாதிரி வழவழவென்று தேய்ந்து, நடுவில் ஓட்டையே விழுந்திருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாஸ்டரும் முதலில் ரப்பர் தரம் சரியில்லை என்றுதான் வாதாடினார். வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாகப் பட்டறைக்குள் கொண்டுவந்தான். மெக்கானிக் கீழே கையைக் காட்டினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? அவள் வெள்ளைக் கோட்டில் நூல் பிடித்து நிறுத்தவில்லை. பாதி பிரேக்கை இவர் மிதித்திருக்கிறார். எவ்வளவு அழுத்தினால் வண்டி நிற்கும் என்பது அவள் காலுக்குத் தெரியவே தெரியாது. தெரிய இவர் விட்டால்தானே? அவளுக்கு மட்டுமா? இருபத்துமூன்று வருடமாக, "மொதல் தடவை யாருக்கும் கிடைக்காது" என்று ஒவ்வொரு மாணவரிடமும் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறார். அவர்களும் சொல்லிவைத்த மாதிரி தோற்று வந்தார்கள். உலகம் எவ்வளவு மோசம் பார்த்தாயா என்று அதையே சாட்சியாக வைத்திருந்தார். உலகம் பாவம், தன் பாட்டுக்கு இருந்திருக்கிறது. வேலையைக் காட்டியதெல்லாம் அவர் கால்தான்.

தேய்ந்த ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே பண்ணைக்குப் போனார். அவள் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் மண் கையோடு அந்த ரப்பரை வாங்கி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ சிரிப்பை அடக்க முடியாமல் எரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. அதுவும் நியாயமான கோபம். எத்தனை பேரை இப்படி அழவைத்து வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டாள்.

"இன்னும் நாலு நாள் இருக்கு" என்றாள். "காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கோங்க. அப்புறம் அந்த வாய். என்ன ஆகப்போகுதுன்னு சொல்லாதீங்க. என்ன நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க."

"நல்லா எதுவும் இல்லன்னா?"

"தேடுங்க."

அடுத்த நாள் காலை, சந்தைக்குப் பின்னாலிருக்கும் காலி மைதானத்தில் மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்து இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே வரிசையாகப் பிளாஸ்டிக் வாளிகள். முதல் வாளியை அவள் தூக்கி அடித்தாள். இரண்டாவது வண்டிக்கு அடியில் போய்ச் சத்தம் போட்டது. மூன்றாவது வாளிக்குப் பயந்து பிரேக்கை ஒரேயடியாக மிதித்ததில் இருவர் தலையும் முன்னால் போய் வந்தன. மாஸ்டர் தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், அது கழன்று ஓடிவிடும் என்பதைப் போல. எட்டாவது வாளிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி பூப்போல நின்றது. இந்தத் தடவை அது முழுக்க அவள் கால்.

மறுநாள் சாலைக்கு வந்தார்கள். வாய்ப் பயிற்சி கால் பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது.

"அந்த லாரி..." என்று ஆரம்பித்து, மென்று விழுங்கி, "நல்லா நிக்குது" என்றார்.

"ம். அப்புறம்?"

"அந்த நாய் குறுக்க வரல. படுத்திருக்கு."

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கும் குரல்தான். ஆனால் சொல்லச் சொல்லத் தேட வேண்டியிருந்தது, தேடத் தேடக் கண்ணில் பட்டது. தினமும் போகும் சாலையில் ஒரு மாடி வீட்டுக்கு நீல வண்ணம் அடித்திருக்கிறார்கள் என்பதை மூன்றாம் நாள்தான் பார்த்தார். முடிதிருத்தகத்துக்கு எதிரில் தினமும் சாலையைக் கடக்க நிற்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மாஸ்டரின் கணக்கில் அவர் ஒரு பெரிய ஆபத்து. அந்தப் பெரியவர், நின்று வழிவிடும் ஒவ்வொரு வண்டிக்கும் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுத்தான் கடக்கிறார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எத்தனை வருடமாகத் தனக்கும் கையைத் தூக்கியிருக்கிறாரோ என்று வெட்கமாகப் போய்விட்டது. பதிலுக்கு இவரும் கையைத் தூக்கினார். பெரியவர் ஒரு நிமிடம் நின்று, யார் இது என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

இதற்காக மாஸ்டர் நான்கு நாளில் ஞானியாகிவிட்டார் என்று நான் கதைவிடப்போவதில்லை. தேர்வன்று காலை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவர்தான். பயப்படுவதற்கு நாற்பது வருடம் பழகியவர், நல்லதைப் பார்க்க நான்கு நாள் பழகியிருந்தார். அவ்வளவுதான். ஆனால் பழகிப் பார்த்தால் வரும் என்பதுவரை தெரிந்துகொண்டிருந்தார்.

அதிகாரி அம்மா வண்டியில் ஏறினாள். மாஸ்டர் மதில் ஓரமாக நின்றார். மற்ற நாளாக இருந்தால் முடிவு தெரிந்ததுதானே என்று தேநீர் குடிக்கப் போயிருப்பார். அன்று போகவில்லை. கண்ணாடியைச் சரி செய்கிறாள், நல்லது. பெல்ட் போட்டாள், நல்லது. வண்டி குலுங்காமல் கிளம்பியது, ரொம்ப நல்லது. பக்கத்தில் காத்திருந்த ஒரு பெண், யாரிடம் பேசுகிறார் என்று இவரைத் திரும்பிப் பார்த்தாள்.

வளைவுகள் முடிந்தன. ஏற்றம் முடிந்தது. வண்டி வேகமெடுத்து வெள்ளைக் கோட்டை நோக்கி வந்தது. நிறுத்தச் சொல்லி அதிகாரி அம்மா ஃபைலால் முன்பலகையில் படாரென்று தட்டினாள்.

வண்டி நின்றது. சக்கரத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் தரை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவர் வலது கால் மண்ணுக்குள் அழுந்தியிருந்தது. ஆனால் அந்தக் கால் வண்டியிலிருந்து அறுபது அடி தள்ளி இருந்தது. அவள் தானாகவே நிறுத்தியிருக்கிறாள்.

தேறிவிட்டதாக அதிகாரி அம்மா தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மனைவி அதை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே முதலாளி அம்மாவுக்குப் போன் செய்தாள். நாளையிலிருந்து வேன் உனக்கு என்று அங்கிருந்து வந்த சத்தம் மாஸ்டருக்கே கேட்டது. பிறகு அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, ஏறுங்கள் என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். நெரிசலான நேரம். கடைத்தெரு, பாலம், அதைத் தாண்டி லாரிகள் திரும்பும் முச்சந்தி, எல்லாம் வழியில் இருந்தன. மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். கடைத்தெரு ஆரம்பமானது அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வண்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல்கள் திறந்திருந்தன. அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வந்தோம்?"

"இருபது நிமிஷம் ஆச்சு."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்ப மனசு வரல" என்றாள். "நீங்க கார்ல தூங்கி நான் பாத்ததே இல்ல."

பாலத்தில் எப்படி, முச்சந்தியில் எப்படி என்று அவர் விசாரிப்பார் என அவள் காத்திருந்தாள். அவர் கொட்டாவி விட்டார், இருக்கையை இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

"நல்ல தூக்கம்" என்றார். "அப்படியே இன்னொரு சுத்து போயிட்டு வாயேன்."