காய்ச்சல் விட்ட வாரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்யும் கம்பெனியின் காவலாளி அவர். ஒட்டிய கன்னம், தொளதொளத்த காக்கிச் சட்டை. காலையில் உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ஏதாவது கேட்பார். பதில் வந்த பிறகுதான் வழிவிடுவார். எங்களுக்கு அது பெரிய தொல்லை.

ஃப்ளூ காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பினேன்.

"ஒடம்பு இப்ப எப்டி கீது சார்?"

"நல்லாயிருக்கேன்" என்றேன். என் காதுக்கே அது குழறலாகக் கேட்டது.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ரெண்டு கையையும் தூக்குங்க சார்."

எரிச்சலோடு தூக்கினேன். இடது கை தானாகக் கீழே இறங்கியது. மறுபடி தூக்க முயன்றேன், முடியவில்லை. உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கொஞ்சம் உட்காரலாம் என்று அவருடைய நாற்காலிப் பக்கம் நகர்ந்தேன்.

"உக்காராத சார்!" என்று கத்தியவர், வெளியே கிளம்பிய வேனை மறித்து என்னை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். மருத்துவமனை வரும்வரை என்னைப் பேச வைத்துக்கொண்டே வந்தார்.

பக்கவாதம். இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பிறகு சில வாரங்களுக்கு ரத்தம் உறைந்து மூளையின் ரத்தக் குழாயை அடைக்கும் ஆபத்து கூடும் என்றார் டாக்டர். சீக்கிரம் வந்ததால் தப்பித்தேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது, "உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?" என்று அவரிடம் கேட்டேன்.

"என் ஊட்டுக்காரிக்கும் காச்சல் உட்ட வாரந்தான் பேச்சு கொளறுச்சு. அசதியா இருக்கும்னு தூங்க உட்டுட்டேன் சார். அப்றம் அவ எந்திரிக்கவேயில்ல."

உள்ளே போக வந்த அடுத்த ஆளிடம் திரும்பி, "சாப்ட்டியா சார்?" என்று கேட்டவர், பதில் வரும்வரை அந்த ஆளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை தொடங்குவதற்கான மணி அடித்த பிறகும் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.