மஞ்சள் சோப்பு சிவந்த நாள்

வீட்டிலேயே சோப்புச் செய்யக் கற்றுக்கொண்ட புதிதில், கைக்குக் கிடைத்த செடியையெல்லாம் அதில் போட்டுப் பார்க்கும் பைத்தியம் எனக்கு. ரோஜா இதழ் போட்டேன். காஸ்டிக் சோடாவின் காரம் பட்டதும் டீத்தூள் சக்கை போலக் கறுத்துப் போனது. மல்லிகை வாசம் நிற்கவே இல்லை. எலுமிச்சைப் புல் தைலம் மட்டும்தான் என் மானத்தைக் காப்பாற்றியது. "ரைட்டரூட்டம்மா குளிச்சா பக்கத்தூரு மஞ்சக்குட்டை வரைக்கும் வாசம் தெரியுதுங்க" என்று, என் வீட்டுக்காரர் கணக்கு எழுதும் எஸ்டேட்டின் தொழிலாளர் லைனில் கேலி செய்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகன் சொல்லாமல் கொள்ளாமல் சேலத்தில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். பெண் வாழவந்தி ஊர்க்காரி, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "வந்தா வரட்டும். ஆரத்தி மட்டும் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் வரவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் வீம்பை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் நிறத்தில் சோப்பு வேண்டுமென்று ஒரு பேசினில் காஸ்டிக் சோடா கரைத்து, அந்தத் தண்ணீரில் மஞ்சள் தூளைப் போட்டேன். செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று தெரிந்தவளுக்கு, இந்தக் காரமும் அதையே செய்யும் என்று தோன்றவில்லை பாருங்கள். நெடி தாங்காமல் பேசினை வாசல்படியில் ஆற வைத்துவிட்டு, எண்ணெய் எடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் வாசலில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். அவள் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஏனுங்க அத்தை, ஆரத்தி எடுக்க மாட்டீங்கன்னு இவங்க சொன்னாங்க. நொம்ப பயந்துக்கிட்டே வந்தேனுங்க."

முறை தெரியாத பெண். தானே பொட்டு வைத்துக்கொள்ள விரலை நீட்டிக் குனிந்தாள்.

"தொடாதே!" என்று கத்திவிட்டேன்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நான் அவளைத் தள்ளி வைப்பதாகத்தான் நினைத்திருப்பாள். முகம் செத்துப்போனது. மகன் அவள் தோளைப் பிடித்து, "வா, போலாம்" என்றான்.

"அது சோப்புக்குக் கரைச்சதுடா! கை வெந்துரும்!"

"அப்ப எங்களுக்கு இல்லீங்களா?" என்று அவள் கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். சின்னப் பிள்ளை பண்டம் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்படியே நில்லு கண்ணு, போயிடாதே."

பேசினைத் தூர எடுத்து வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். வீட்டுக்காரரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்து, மஞ்சளோடு தாம்பாளத்தில் கரைத்தேன். சூடம் ஏற்றி அவசரமாகச் சுற்றியதில், பாதி என் புடவையிலேயே கொட்டியது. மகன் சிரித்தான். முறைத்தேன். இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தேன். அப்போதும் அவள் படியில் கால் வைக்கவில்லை.

"அத்தை, உள்ளே வரலாங்களா?"

"தன் ஊட்டுக்குள்ள வர யாராச்சும் கேட்டுக்கிட்டு நிப்பாங்களா? வா சாமி" என்றேன்.