நாள் முழுக்கப் பச்சை

எழில்மொழிக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் முகம் சுளித்துவிடும், மறைக்கத் தெரியாது. வியாசர்பாடி குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா கிருஷ்ணப்பனுக்கு பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்ததும் திருவொற்றியூரில் தண்டபாணி என்பவர் நடத்திய சின்ன வெப்சைட் கம்பெனியில் சேர்ந்தாள்.

2007இல் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று அவர்களுக்கு வேலை கொடுத்தது. புகையில் மூச்சு முட்டுகிறது என்று குப்பத்து மீனவர்கள் வாசலில் உட்கார்ந்து போராடியிருந்தார்கள். காற்றில் எவ்வளவு தூசு என்பதை கேட்டிலேயே ஒரு திரையில் காட்டுவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அளவுக்குள் இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு.

தூசு அளக்கும் கருவியை வைத்தது வேறொரு கம்பெனி. அளவுகள் அவர்களுடைய இணையதளத்தில் வந்தன. திரையில் ஓடும் வலைப்பக்கமோ தொழிற்சாலையின் தளத்தைச் சேர்ந்தது. ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்திடம் நேராகக் கேட்டு வாங்குவதை பிரவுசர் அனுமதிக்காது. மண்டையை உடைத்துக்கொண்ட எழில்மொழி, கடைசியில் தொழிற்சாலையின் சர்வரிலேயே சிறிய நிரல் ஒன்றை வைத்தாள். பக்கம் தன் சொந்த சர்வரைத்தான் கேட்கும். சர்வர் போய்க் கருவிக்காரர்களிடம் கேட்டு, வந்த எண்ணை அப்படியே கொடுக்கும். சர்வருக்கு அந்தத் தடை கிடையாது. இப்படி நடுவில் நிற்பதற்கு ப்ராக்சி என்று பெயர்.

திரை ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலமே சிவப்பாகிவிட்டது. குப்பமே கேட்டில் கூடியது. மறுநாள் காலை தண்டபாணிக்குத் தொழிற்சாலையிலிருந்து போன்.

"எழிலு, அந்த ப்ராக்சில சின்னதா ஒண்ணு மாத்தணும்மா. காலைல வர்ற எண்ண ஒரு தடவ எடுத்து வச்சுக்கோ. நாள் பூரா அதையே குடு."

"சாயங்காலம் பாய்லர் முழுசா ஓடும்போதுதான் சார் சிவப்பாவுது. காலைல எப்பவும் பச்சைதான்."

"பொய்யா சொல்றோம்? காலைல வந்தது நிஜ எண்தானே? எடுத்ததைச் சேமிச்சு வச்சுக் குடுக்கிறது எல்லாரும் பண்றதுதான்."

எல்லாரும் செய்வதுதான், சர்வருக்குச் சுமை கூடாமலிருக்க சில நிமிஷங்கள் சேமித்துவைப்பதைப் பற்றி அவளே யோசித்திருந்தாள். அதையே அவர் வாயில் கேட்டபோது முகம் சுளித்துவிட்டது.

"இது கலீஜ் வேல சார். நான் பண்ண மாட்டேன்."

பக்கத்து நாற்காலி ரவிக்குமார் பண்ணினான். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துத் தின்றுகொண்டே முடித்துவிட்டான். அந்த மணமே எழில்மொழிக்குக் குமட்டியது. எழுந்து வெளியே வந்தவள், பிறகு அந்தப் படியேறவில்லை.

சில வாரம் கழித்து, மனசு கேட்காமல் எண்ணூருக்குப் போனாள். சாயங்காலம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கண் எரிந்தது. துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டாள். நாக்கில் கரி. கேட்டில் திரை பச்சையாக மின்னியது. அதன் கீழே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த கெங்கம்மா என்ற குப்பத்துப் பெண், இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னாம்மா அப்டி பாக்குற? தெனிக்கும் பச்சதான். எங்க மூக்குதான் கெட்டுப் பூட்ச்சாம்."

எழில்மொழி நடந்ததைச் சொன்னாள். "மிஷின்காரங்க சைட்ட நேரா தொறந்து பாக்கலாம்மா. இந்தத் தெர வேணாம்."

மறுநாள் சாயங்காலம் கெங்கம்மாவையும் குப்பத்துப் பெண்கள் சிலரையும் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனாள். மீன் கவுச்சி என்று கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முகவரியைத் தட்டியதும் எண் வந்தது; அனுமதித்த அளவைப்போல் மூன்று மடங்கு. கெங்கம்மாவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

"அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு கீது. ரெண்டும் ஒரே மிஷினா?"

"ஒரே மிஷின்தான்."

கெங்கம்மா வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

அச்செடுத்த தாளோடு எல்லாரும் தொழிற்சாலைக்குப் போனார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று சிரித்தபடியே சொன்னார் அதிகாரி. பழுது பார்க்கக் கழற்றிய திரை திரும்பி வரவில்லை. கருவிக்காரர்களின் தளமும் பாஸ்வேர்ட் கேட்க ஆரம்பித்தது. திரை இருந்த இடத்தில் பசுமை காப்போம் என்று பேனர் கட்டினார்கள்.

குப்பத்துப் பெண்கள் மறுபடி கேட்டில் உட்கார்ந்தார்கள். எழில்மொழிக்கு அதற்குள் மாதவரத்தில் ஒரு லாரி கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் போய் உட்கார்ந்தாள்.

"ஒனக்கு இன்னாத்துக்குமா அந்தப் பேஜாரு? வூட்ல இருந்தா இன்னா?" என்றார் கிருஷ்ணப்பன்.

"வூட்ல ஒக்காந்தாதான் நைனா கொமட்டுது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.