மங்கலான ஒரு கோடு

ரத்தத்தில் இருக்கும் புரதங்களை ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பது என் வேலை. சாயம் ஏற்றினால் பட்டை பட்டையாகத் தெரியும். இருக்கக் கூடாத இடத்தில் அழுத்தமாக ஒரு பட்டை விழுந்தால் எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் இருக்கலாம். ஒன்றும் விழாவிட்டால் நிம்மதி. இரண்டுங்கெட்டானாக இன்னொன்று உண்டு: பென்சிலால் கிழித்து ரப்பர் போட்டு அழித்த மாதிரி மங்கலான ஒரு கோடு. அந்தப் பாழாய்ப்போன கோட்டைத்தான் அண்ணியின் ரத்தத்தில் பார்த்தேன்.

அண்ணி மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். மாசக்கணக்காக இடுப்புவலி. “உப்பு வார்றவளுக்கு இடுப்பு வலிக்காம பல்லா வலிக்கும்?” என்று தட்டிக் கழித்தவரைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். எலும்பில் கோளாறோ என்று டாக்டர் எழுதிய இந்த டெஸ்ட் நான் வேலை பார்க்கும் லேபுக்கே வந்தது.

ரத்தம் முழுசாக உறையாவிட்டாலும் இப்படி ஒரு பொய்க்கோடு விழும். அதுவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி ரத்தம் கேட்டேன். அண்ணிக்கு வந்ததே கோபம்!

“மொத எடுத்தத கெடுத்துட்டீங்களா? ஊசி குத்தி வெளையாடறீங்களா?”

எங்கள் பக்கத்தில் மறுபடி ரத்தம் கேட்டால் லேபில் எவனோ சொதப்பிவிட்டான் என்றுதான் அர்த்தம். “அப்படித்தான் இருக்கணும் அண்ணி” என்றேன். எங்கள் தப்பாகவே இருந்து தொலையட்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

இரண்டாவது ரத்தத்தை நன்றாக உறையவிட்டு ஜெல்லில் ஓட்டினேன். கோடு அதே இடத்தில் நின்றது. லேப் டாக்டர் இன்னும் நுணுக்கமான டெஸ்ட்டையும் வைத்துப் பார்த்தார். அதிலும் மங்கல்தான்.

“அளக்கற அளவுக்குக்கூட இல்லப்பா. தானா மறையலாம், இப்படியே கெடக்கலாம், வளரவும் வளரலாம். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்.”

“எதுன்னு சொல்லுங்க சார்!” என்று கத்தியேவிட்டேன்.

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?” என்றார். அவரைச் சொல்லி என்ன செய்ய?

சாயங்காலம் அண்ணி வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, காலில் காய்ந்திருந்த உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுப்பா. வியாதி இருக்குதா, இல்லியா?”

“தெரியல அண்ணி. டெஸ்ட்ல மங்கலா ஒரு கோடு விழுது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்.”

“அதுவரைக்கும் மாத்திரை?”

“கெடையாது.”

“பத்தியம்?”

“அதுவும் இல்ல.”

“வேலைக்குப் போலாமா?”

“இடுப்பு தாங்கினா போலாம்னு டாக்டர் சொல்றார்.”

“அப்ப அந்தக் கோட்டுக்கு நான் என்னதான் பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம் அண்ணி.”

இருபது வருஷமாக அந்த வீட்டைத் தூக்கி நிறுத்திய மனுஷி. என்ன கஷ்டம் வந்தாலும் எழுந்து போய் எதையாவது செய்கிறவர். சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் பண்ணாம இருக்க எனக்குத் தெரியாதேப்பா” என்று சொல்லி, சின்னப் பிள்ளையைப் போல அழுதார்.