காரைச் சுற்றி ஒரு சுற்று

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாரப்பட்டியில் கறி விருந்து. என் மனைவி மல்லிகாவின் சித்தப்பா புது வீடு கட்டியிருக்கிறார் என்று கூப்பிட்டிருந்தார். இலையில் நாட்டுக்கோழி, குடல் வறுவல்... இதற்கு மேல் எழுதினால் என் டாக்டர் படித்துவிடுவார்!

மூன்று மணிக்குக் கிளம்பினோம். தொப்பூர் மலை இறக்கத்தில் லாரிகள் மொய்ப்பதற்குள் தாண்டி, சேலம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். சொல்லிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், சித்தப்பாவைக் காணோம்.

"தோட்டத்துப் பக்கம் போயிருப்பாருங்க" என்றார் சித்தி.

"பரவால்லைங்க, போன்ல சொல்லிக்கறேன்" என்று காரில் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டேன். ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. மல்லிகா ஏறவில்லை. காரைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

போன வருஷம்தான் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் வாங்கினாள். வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். அன்றிலிருந்து காய்கறி வாங்கப் போனாலும் சுற்றுவாள். இருபத்தைந்து வருஷமாக ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிற எனக்கு — சிரிப்பு வராதா?

"என்ன மல்லிகா, வேண்டுதலா?" என்று ஜன்னல் வழியே கேட்டேன். முன்னால் வாசற்படியில் நின்ற சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒம்போது சுத்து முடிச்சிட்டே வா!"

பின்பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏங்க, சித்தப்பா இங்கதான் இருக்காரு."

"நல்லதாப் போச்சு. வரச் சொல்லு, சொல்லிட்டுக் கெளம்பலாம்."

"தூங்கறாருங்க."

"எங்க?"

"நம்ம டயருக்குப் பின்னால."

இன்ஜினை எப்போது அணைத்தேன், எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை. வெயில் கொளுத்திய அந்த சிமென்ட் வாசலில் என் கார் நிழல்தான் ஒரே நிழல். அதில் துண்டை விரித்து, வயிறு ஏறி இறங்க, இன்ஜின் சத்தத்துக்கும் அசையாமல் கிடந்தார். தலைக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண். எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

எழுப்பினோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, அதுக்குள்ள கெளம்பிட்டீங்களா? இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

சித்திக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இவ்ளோ பெரிய வூட்டைக் கட்டி வெச்சிட்டு, படுக்கற எடத்தைப் பாரு!"

"உள்ளாற ஃபேன் இன்னும் மாட்டல இல்ல?" என்றார் அவர், ரொம்ப நியாயமாக.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. காபியில் பாதியை நான் குடித்தேன். மீதியைச் சட்டை குடித்தது. சாவியை மல்லிகாவிடம் நீட்டினேன்.

தொப்பூர் இறக்கம் முழுக்க கியரைக் குறைத்து, முன்னால் போன லாரிக்கு நிறைய இடைவெளி விட்டு இறங்கினாள். வழக்கமாக, "நியூட்ரல்ல விடு, பெட்ரோல் மிச்சம்" என்று மேதாவித்தனம் பேசுகிறவன் நான். அன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவள் கியர் போடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இத்தனை வருஷம் ஒன்றும் ஆகாமல் ஓட்டினேன் என்று பீற்றிக்கொள்கிறோமே... அதில் நம் திறமை எவ்வளவு, நம் வண்டிக்குப் பின்னால் யாரும் படுக்காத அதிர்ஷ்டம் எவ்வளவு?

இப்போது நானும் சுற்றுகிறேன். அரை நிமிஷம்கூட ஆவதில்லை.

குடும்ப குரூப்பில் வருகிற குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கே இதைவிட அதிக நேரம் கொடுக்கிறோம், சார்!