மலைக்குப் போன ரிப்போர்ட்

எட்டு வருடங்களுக்கு முன், கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் தன் மனைவியோடு வந்தார். அவருக்கு மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்து, சென்னையில் தலையைத் திறந்து பைபாஸ் ஆபரேஷன் செய்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளை அணுவும் சி.ஆர்.பி.யும் பார்க்க வேண்டும், ஏறியிருந்தால் சீழ் பிடித்திருக்கலாம், உடனே கூட்டி வர வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி மத்தியானப் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு ரிசல்ட் வந்தது. இரண்டுமே எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. போன் செய்தேன், மலையில் டவர் இல்லை. "இது ஆபத்தாச்சே" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதோடு சரி. கவரில் போட்டு டிராயரில் வைத்துவிட்டேன்.

லேபில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார், அவர் காதில் அது விழுந்துவிட்டது.

"அப்போ அவங்களுக்குச் சொல்ல வேணாமாங்க மேடம்?"

"போன் போகலன்னா நான் இன்னா பண்றது? மலையேறிப் போகச் சொல்றியா?" என்று எரிந்து விழுந்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர் அவர்.

அவர் கவரைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மலைக்குப் போகும் கடைசி பஸ் கண்டக்டரிடம் கவரில் இருந்த ஊரும் பேரும் சொல்லி, அவர்கள் கையிலேயே சேர்த்து உடனே டாக்டரிடம் போகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கோ, தொல்லை விட்டது என்றுதான் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து இருவரும் ஒரு பை சாமையோடு வந்தார்கள். கண்டக்டர் அன்றிரவே கவரைச் சேர்க்க, மறுநாளே சென்னைக்குப் போனார்களாம். தையலுக்கு அடியில் சீழ் வைத்திருந்ததாம். இன்னும் ரெண்டு நாள் தள்ளியிருந்தால் மூளைக்குள் இறங்கியிருக்கும் என்றாராம் டாக்டர்.

"நீங்க பேப்பர குடுத்தனுப்பலன்னா இவரு இல்லைங்க" என்று அந்த மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் முதலாளி பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தார். நானோ, "பரவால்லைங்க, எங்க வேலைதானே" என்றேன்.

அவர்கள் போனபின் சாமைப் பையை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குங்க? உங்களுக்குத்தானே குடுத்தாங்க."

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் ஆபத்தான ரிசல்ட் எதுவானாலும் உரியவர் காதில் போடாமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. ஆனாலும், அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய கண்ணீரை நான் வாங்கி வைத்துக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் கூசிப்போகிறேன்.